வீட்டுச் சேமிப்பு சர்வர்: மலையில் இருப்பவர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

குன்னூரில் பதினெட்டு வருடமாகக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், "இந்த ஹார்டு டிஸ்க்கிலிருந்து படங்களை மட்டும் எடுத்துக் கொடுங்க" என்றுதான் வருகிறார்கள். எல்லோருக்கும் எடுத்துக் கொடுக்க முடிவதில்லை. அதனால்தான், தனித்தனிப் பாகங்கள் வாங்கி வீட்டிலேயே ஒரு சேமிப்பு சர்வர், அதாவது நாஸ், கட்டுவது பற்றி எதையும் கேளுங்கள், ஞாயிறு முழுக்கப் பதில் சொல்கிறேன் என்று சொன்னேன். அறுபதுக்கு மேல் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்திருக்கிறேன்.

கோத்தகிரி, பள்ளி ஆசிரியை: பிள்ளைகளின் படங்கள், வீடியோக்கள் ஒன்றரை டிபி இருக்கும். போன், பென்டிரைவ், பழைய லேப்டாப் என்று சிதறிக் கிடக்கின்றன. எதையெல்லாம் வாங்க வேண்டும்? கரண்ட் எவ்வளவு ஆகும்?

டீச்சர், உங்களுக்குப் பெரிய பெட்டி வேண்டாம். இன்டெல் என்100 பிராசசர் ஒட்டியே வரும் மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டு ஒன்று, 16 ஜிபி ரேம், சிஸ்டத்துக்கு ஒரு சின்ன எஸ்எஸ்டி, படங்களுக்கு 4 டிபி ஹார்டு டிஸ்க் இரண்டு, எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் நல்ல எஸ்எம்பிஎஸ், காற்றோட்டமுள்ள கேபினெட். போர்டு வாங்கும் முன், டிஸ்க் மாட்டும் சாட்டா போர்ட் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். இரண்டே இருந்தால் பின்னால் வருத்தப்படுவீர்கள்.

இரண்டு டிஸ்க்கையும் மிரராகப் போடுங்கள். இரண்டிலும் ஒரே தரவு இருக்கும், ஒன்று போனாலும் மற்றது ஓடும். மென்பொருளுக்கு ஓபன்மீடியாவால்ட் எளிது. இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறை வேண்டுமென்றால் ட்ரூநாஸ், அதற்குக் குறைந்தது 8 ஜிபி ரேம் கேட்கும். இசட்எஃப்எஸ்ஸின் அருமை, எழுதிய ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணை வைத்துக்கொள்வது. மாதம் ஒருமுறை ஸ்க்ரப் ஓடவிட்டால் எல்லாவற்றையும் படித்துப் பார்த்து, கெட்டுப்போன துண்டை மற்ற டிஸ்க்கிலிருந்து எடுத்துத் தானே சரிசெய்துவிடும். பத்து வருடம் யாரும் திறக்காத படம் உள்ளுக்குள்ளேயே கெடுவதை இப்படித்தான் பிடிக்க முடியும்.

டிஸ்க் வாங்கும்போது, தரவு எழுதும் தடங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியே இருக்கும் சிஎம்ஆர் வகையா என்று மாடல் எண்ணை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். எஸ்எம்ஆர் வேண்டாம். அதில் தடங்கள் ஓடு வேய்ந்தது போல ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருக்கும். நடுவில் ஒன்றை மாற்ற வேண்டுமானால் அடுத்தடுத்த ஓடுகளையும் திரும்ப அடுக்க வேண்டும். சும்மா படம் போட்டு வைக்கும்போது தெரியாது. ஒரு டிஸ்க் போய்ப் புதியதை மாட்டி முழுத் தரவையும் மறுபடி எழுதும்போது நாள்கணக்கில் இழுக்கும், சில நேரம் பாதியிலேயே நிற்கும். 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையிலேயே 2 முதல் 6 டிபி வரை எஸ்எம்ஆர் இருப்பது தெரியவந்து பெரிய சர்ச்சையானது. அதன் பிறகுதான் சிஎம்ஆரை ரெட் பிளஸ் என்று தனியாகப் பிரித்தார்கள். சீகேட் அயர்ன்உல்ஃப் எல்லாமே சிஎம்ஆர்.

கரண்ட் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இந்தப் பெட்டி 30 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் இரண்டு மாத பில்லில் 43 யூனிட். பழைய ஆபீஸ் டெஸ்க்டாப் 60 வாட் இழுத்தால் அது 86. இலவச யூனிட்டில் நல்ல பங்கை அதுவே தின்றுவிடும்.

லவ்டேல்: எங்கள் வீட்டில் ஜூலையில் அலமாரித் துணியெல்லாம் பூஞ்சணம் பூக்கிறது. ஹார்டு டிஸ்க் தாங்குமா?

இன்று வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. சமவெளியில் இருக்கிறவர்கள் சூட்டைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். நமக்கு ஈரம்தான் எதிரி.

போன மாதம் ஒரு டிஸ்க் வந்தது. சுற்றுகிறது, ஆனால் கம்ப்யூட்டர் அடையாளம் காணவில்லை. அடியில் இருக்கும் பச்சை போர்டின் திருகுகளைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். உள்ளே இருக்கும் தலைப்பகுதியோடு போர்டைத் தொடுக்கும் சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். பளபளவென்று இருக்க வேண்டியவை கருவாட்டு நிறத்தில் இருந்தன. பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசியைத் துடைத்து மாட்டினேன். ஓடிவிட்டது. அந்த வீட்டுக்காரர் வாரம் ஒருமுறைதான் கம்ப்யூட்டரைப் போடுவார், மற்ற நாளெல்லாம் ஜன்னலோரத்தில் மூடி வைத்திருப்பார்.

காரணம் அங்கேதான் இருக்கிறது. எப்போதும் ஓடும் பெட்டி, அறையை விடக் கொஞ்சம் சூடாகவே இருக்கும், அதனால் உள்ளே வேர்க்காது. அணைத்து அணைத்துப் போடும் பெட்டிதான் ஈரம் குடிக்கும். ஆகவே நாஸை ராத்திரியில் அணைக்காதீர்கள். வெளிச்சுவரை ஒட்டி வைக்க வேண்டாம், தரையிலும் வேண்டாம். வெந்நீர் ஆவி வரும் குளியலறைப் பக்கம், சமையலறைப் பக்கம் கூடவே கூடாது. வீட்டின் நடு அறையில், இடுப்புயர அலமாரியில் வைங்கள், கதவு மூட வேண்டாம்.

ஜனவரியில் இன்னொன்று. குளிரில் கிடந்த பார்சலைக் கொண்டுவந்து ஹீட்டர் போட்ட அறையில் உடனே பிரித்தால், குளிர்ந்த கண்ணாடி டம்ளர் வேர்ப்பது போல டிஸ்க் வேர்க்கும். கவரைப் பிரிக்காமலே ஒரு ராத்திரி அறையில் விட்டுவிடுங்கள். காலையில் மாட்டலாம்.

ஊட்டி: 2,240 மீட்டர் உயரம். டிஸ்க்குக்குள் காற்று வேண்டுமாமே, இந்த உயரத்தில் ஓடுமா?

ஓடும். டிஸ்க்கின் தலை, சுற்றும் தட்டின் மேல் காற்றுப் படலத்தில்தான் மிதக்கிறது, நீங்கள் கேள்விப்பட்டது சரி. ஆனால் வீட்டு டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகக் கொடுக்கும் எல்லை 3,048 மீட்டர், அதாவது 10,000 அடி. தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். காற்று மெலிந்திருப்பதால் ஃபேன் கொஞ்சம் குறைவாகக் குளிர்விக்கும். நம் குளிர் அதை ஈடுகட்டிவிடும்.

அருவங்காடு, ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன்: வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கும்போது தனி யூபிஎஸ் எதற்கு? பன்னிரண்டு வருடமாக என் கம்ப்யூட்டர் இன்வெர்ட்டரில்தான் ஓடுகிறது. வீண் செலவு செய்ய வைக்காதீர்கள்.

ஐயா, 1932இலேயே பைக்காராவில் மின்சாரம் எடுக்கத் தொடங்கிய மாவட்டம் நம்முடையது. ஆனாலும் ஒரு கற்பூரமரம் கம்பியில் சாய்ந்தால் நமக்கு இருட்டுதான். யூபிஎஸ் வேண்டும் என்றே சொல்வேன். கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் மாற்றிக்கொடுக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும். நார்மல் மோடில் அது 40 மில்லிசெகண்ட் வரைகூடப் போகலாம். எஸ்எம்பிஎஸ் முழு லோடில் தாங்குவது சுமார் 16 மில்லிசெகண்ட்.

அதே ஐயா: முழு லோடில் என்கிறீர்கள். நீங்களே 30 வாட் பெட்டி என்று சொன்னீர்கள். 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அது ஒரு லோடா?

ஒத்துக்கொள்கிறேன். லோடு குறைந்தால் தாங்கும் நேரம் கூடும். ஆனால் எஸ்எம்பிஎஸ் பழசாகி உள்ளே கெப்பாசிட்டர் தளர்ந்தால் அந்த நேரம் குறைந்துகொண்டே வரும். இன்று தாங்குவது மூன்றாம் வருடம் தாங்காமல் போகலாம்.

கோத்தகிரி, எஸ்டேட் ஆபீஸ் ஊழியர்: குறுக்கே வருகிறேன். எங்கள் ஆபீஸில் இன்வெர்ட்டருக்குப் பின்னால் யூபிஎஸ் வைத்தோம். கரண்ட் போனால் யூபிஎஸ் கத்திக்கொண்டே இருந்து அரை மணியில் அணைந்துவிடுகிறது. இன்வெர்ட்டரில் பேட்டரி இருந்தும்!

உங்களுடையது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்க வேண்டும். அந்தக் கரண்ட்டை யூபிஎஸ் நல்ல கரண்ட் என்று ஏற்பதில்லை, தன் பேட்டரியையே காலி செய்யும். சைன் வேவ் இன்வெர்ட்டர் மாற்றினால் சரியாகும்.

ஐயாவுக்கு: நாம் இரண்டு பேரும் பேசி முடிவுக்கு வரமாட்டோம். ஒரு சோதனை செய்யுங்கள். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் பட்டியலுக்கு ஸ்மார்ட் என்று பெயர். அதில் 12ஆம் எண், எத்தனை முறை டிஸ்க்குக்குக் கரண்ட் நின்று வந்தது என்ற கணக்கு. குறித்துக்கொண்டு மெயினைப் பத்து முறை அணைத்துப் போடுங்கள். பிறகு மறுபடி பாருங்கள். முக்கியமான வேலை எதையும் திறந்து வைத்துக்கொண்டு செய்ய வேண்டாம்.

மஞ்சூர், பந்தலூர், குன்னூர் (ஐந்து பேர்): 4 டிபி வாங்கினேன், 3.63 தான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தால் எண்ணுகிறார், விண்டோஸ் 1,024ஆல் எண்ணுகிறது. டிஸ்க் அதே டிஸ்க்தான்.

குன்னூர்: மிரர் போட்டுவிட்டால் பேக்கப் வேண்டாம்தானே?

வேண்டும். மிரர் என்பது டிஸ்க் பழுதுக்கு மட்டும். தவறுதலாக அழித்தால் இரண்டிலும் அழியும். வைரஸ் பூட்டினால் இரண்டும் பூட்டப்படும்.

இதை நான் சொந்த அனுபவத்தில் சொல்கிறேன். என் முதல் பெட்டியில் மிரர் இருந்தது. ஒரு மே மாதச் சாயங்காலம் இடி மழை. எஸ்எம்பிஎஸ் போனது, போகிற போக்கில் இரண்டு டிஸ்க்கின் போர்டையும் கொண்டுபோய்விட்டது. அப்பா தோட்டத்தில் வேலை பார்த்த காலத்துப் படங்களை ஸ்கேன் செய்து அதில்தான் வைத்திருந்தேன். அசல் ஆல்பம் ஏற்கெனவே ஈரத்தில் ஒட்டிப்போய்விட்டது. நாற்பது படம் தப்பித்தது, அதுவும் என் தங்கை ஒருமுறை பென்டிரைவில் கேட்டு வாங்கிப் போனதால்.

தங்கை இருப்பது மேட்டுப்பாளையத்தில். அன்றிலிருந்து என் விதி: ஒரு பிரதி மலைக்குக் கீழே இருக்க வேண்டும். 2009 நவம்பர் மண்சரிவு நினைவிருக்கிறதா? 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. வீட்டுக்குள்ளேயே நாலு பிரதி இருந்தாலும் அந்த மாதிரி நாளில் அது ஒரு பிரதிதான். யூஎஸ்பி டிஸ்க் இரண்டு வாங்கி, ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்கி வாருங்கள். கடவுச்சொல் போட்டுப் பூட்டிக் கொடுங்கள்.

கூடலூர்: ஸ்மார்ட்டில் 199ஆம் எண் ஏறிக்கொண்டே போகிறது. டிஸ்க் போச்சா?

பெரும்பாலும் இல்லை. 199 டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே தரவு சிதைந்த கணக்கு. சாட்டா கேபிளை மாற்றுங்கள், முனை இறுக்கமாக இருக்கிறதா பாருங்கள். ஏறிய எண் இறங்காது, மேலும் ஏறாமல் நின்றால் போதும். பயப்பட வேண்டியவை, டிஸ்க்கில் கெட்டுப்போன இடங்களைக் காட்டும் 5, 197, 198. அவை ஏறத் தொடங்கினால் அன்றைக்கே பிரதி எடுங்கள்.

வெலிங்டன்: நாலு டிஸ்க் மாட்டப் போகிறேன், எஸ்எம்பிஎஸ்ஸில் சாட்டா முனை இரண்டுதான். மோலெக்ஸ் கன்வெர்ட்டர் போடலாமா?

எஸ்எம்பிஎஸ்ஸின் பழைய வகை மோலெக்ஸ் முனையைச் சாட்டாவாக மாற்றித் தருவதுதானே? வார்ப்புப் பிளாஸ்டிக்கில் ஒரே கட்டியாக இருக்கும் மலிவு கன்வெர்ட்டர் வேண்டவே வேண்டாம். உள்ளே கம்பிகள் நெருங்கி ஷார்ட் ஆகி உருகும், தீப்பிடித்ததும் உண்டு. பின்பக்கம் மூடியைத் திறந்து ஒவ்வொரு கம்பியும் தனித்தனியே கடித்து நிற்பதைப் பார்க்க முடிகிற வகை பரவாயில்லை. அதைவிட நல்லது, முனை போதுமான எஸ்எம்பிஎஸ்ஸாகவே மாற்றுவது. ஒவ்வொரு டிஸ்க்கும் சுழலத் தொடங்கும் சில நொடிகள் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை கேட்கும். நாலு சேர்ந்தால் 100 வாட்டுக்குப் பக்கம்.

ஊட்டி: இசிசி ரேம் இல்லாமல் இசட்எஃப்எஸ் போடக் கூடாதாமே?

இசிசி என்பது தன் பிழையைத் தானே திருத்தும் ரேம். இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் போடலாம். முதல் நாள் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ஒரு ராத்திரி ஓடவிடுங்கள். மிச்சப்பட்ட காசில் பேக்கப் டிஸ்க்.

கேத்தி: ஜிமெயில் பாஸ்வேர்டு மறந்துவிட்டது.

அது இங்கே தீராது தம்பி. கூகுளின் கணக்கு மீட்புப் பக்கத்துக்குப் போங்கள்.

கொடைக்கானல்: வீட்டிலிருந்து காட்டேஜுக்கு 70 மீட்டர். வெளியே லேன் கேபிள் இழுக்கலாமா?

நூறு மீட்டருக்குள் என்பதால் ஓடும். ஆனால் இடி விழும் ஊரில் இரண்டு கட்டடத்துக்கு நடுவே செம்புக் கம்பி இழுக்காதீர்கள், பக்கத்தில் எங்காவது மின்னல் இறங்கினாலும் இரண்டு முனையிலும் போர்ட் கருகும். ஃபைபர் கேபிள், இரண்டு பக்கமும் அதை லேனாக மாற்றித் தரும் மீடியா கன்வெர்ட்டர். கண்ணாடி இழையில் மின்னல் ஓடாது. இரும்புக் கம்பி சேர்க்காத கேபிளாகக் கேட்டு வாங்குங்கள்.

கோத்தகிரி, குன்னூர் (எட்டுப் பேர்): ரெய்டு இருந்தால் பேக்கப்...

மிரரும் ரெய்டில் ஒரு வகைதான், மேலே சொல்லிவிட்டேன். தயவுசெய்து அதைப் படியுங்கள். ஒரு பிரதி மலைக்குக் கீழே.

அருவங்காடு ஐயா, மறுபடி: சோதனை செய்தேன். பத்துக்கு மூன்று முறை கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது. எண்ணும் மூன்று ஏறியிருக்கிறது. இத்தனை வருடம் கரண்ட் வந்த பிறகுதான் கம்ப்யூட்டரைப் போடுவேன், அதனால் தெரியவில்லை போலிருக்கிறது. பின்னால் யூபிஎஸ் மோடு என்று ஒரு ஸ்விட்ச் இருந்தது. அதில் போட்டுப் பத்து முறை பார்த்தேன், ஒருமுறைகூட அணையவில்லை. இப்போது என்ன சொல்கிறீர்கள்?

அளந்து பார்த்துச் சொன்னதற்கு மிகுந்த நன்றி ஐயா. இன்று இதை வாசிக்கிற பலருக்கு இது உதவும்: இன்வெர்ட்டரை யூபிஎஸ் மோடில் போடுங்கள், செலவே இல்லை. மாற்றிக்கொடுக்கும் நேரத்தைப் பொறுத்தவரை நீங்கள் சொன்னது சரி.

பாக்கி ஒன்றுதான். மூன்று நாள் கரண்ட் இல்லாத மழையில் இன்வெர்ட்டர் பேட்டரி தீரும். தீரப்போகிறது என்று அது நாஸுக்குச் சொல்லாது, பொதுவாக வீட்டு இன்வெர்ட்டரில் அதற்கு வழி இல்லை. யூஎஸ்பி முனை உள்ள சின்ன யூபிஎஸ் சொல்லும். ட்ரூநாஸிலும் ஓபன்மீடியாவால்ட்டிலும் அதைக் கேட்டு முறையாக அணைக்கும் வசதி இருக்கிறது. உங்களுடையது சைன் வேவ் என்றால் இன்வெர்ட்டருக்குப் பின்னால் அதை வைங்கள். இன்வெர்ட்டர் இருக்கும்வரை யூபிஎஸ் சும்மா இருக்கும், இன்வெர்ட்டர் விழுந்ததும் எடுத்துக்கொள்ளும். மிகச் சின்னதே போதும்.

அதே ஐயா: எத்தனை நிமிடத்தில் அணையச் சொல்லி வைக்க வேண்டும்?

இரண்டு நிமிடம் வைங்கள். மாட்டிய அன்றே யூபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, நாஸ் தானாக அணைகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.