சைக்கிளில் புது டீரெயிலர் மாட்டும்போது செயினை எவ்வளவு நீளத்துக்கு வெட்டுவது?

டீரெயிலர் என்பது பின்சக்கரத்தின் பக்கத்தில் இருந்து கியர் மாற்றிக் கொடுக்கும் பாகம். அதில் தொங்கும் கையில் இரண்டு சின்னப் பல்சக்கரங்கள் இருக்கும். பெரிய பல்சக்கரத்தைச் சுற்ற அதிகச் செயின் வேண்டும், சின்னதுக்குக் குறைவாகவே போதும். மிஞ்சும் தொய்வை அந்தக் கை ஸ்பிரிங் விசையால் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. கால்சட்டை இடுப்பில் இருக்கும் எலாஸ்டிக் போலத்தான், அதற்கும் ஓர் எல்லை உண்டு.

அளக்கும்போது டீரெயிலருக்குள் விடாமல், முன்னும் பின்னும் உள்ள மிகப் பெரிய பல்சக்கரங்களின் மேல் செயினைச் சுற்றுங்கள். முனைகள் சேரும் இடத்துக்கு மேல் 2 கண்ணிகள், அதாவது 1 அங்குலம், விட்டு வெட்டுவதே வழக்கமான கணக்கு. பின் சஸ்பென்ஷன் உள்ள வண்டிக்கு இன்னும் கொஞ்சம் தேவைப்படலாம். சந்தேகமாக இருந்தால் நீளமாகவே விடுங்கள். நீளம் கூடினால் செயின் தொங்கும், அவ்வளவுதான். குறைந்தால் பெரிய கியரில் டீரெயிலரையே பிய்த்துவிடும்.

அப்புறம், கியர் சரியாக விழவில்லை என்றதும் பலர் டீரெயிலரில் எச் (H), எல் (L) என்று குறித்திருக்கும் திருகுகளைத் திருகுகிறார்கள். அவை செயின் இரு ஓரங்களையும் தாண்டாமல் தடுப்பவை மட்டுமே. இடையிலுள்ள கியர்களைச் சரிசெய்வது கியர் கேபிளின் இறுக்கம்.