‘லோட்ஸ் ஒஃப்’ என்பதைக் கடிதத்தில் எழுதலாமா?

சம்மாந்துறைப் பிரதேச செயலகத்துக்கு எழுதும் ஆங்கிலக் கடிதத்தில் ‘லோட்ஸ் ஒஃப் பெடி’ (loads of paddy, ஏராளமான நெல்) என்று நீங்கள் எழுதியது இலக்கணப் பிழையன்று. ஆனால் அது பேச்சு வழக்கு என்பதால், அங்கே ‘எ லார்ஜ் குவான்டிட்டி ஒஃப் பெடி’ என்பதே பொருந்தும்.

நம் பக்கத்தில் மணலையும் நெல்லையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி ‘ஒரு லோட், இரண்டு லோட்’ என்று எண்ணிப் பழகியிருப்பதால், அதனை நீங்கள் திட்டமான அளவாகவே கொண்டிருக்கலாம். ஆங்கிலப் பேச்சில் ‘லோட்ஸ் ஒஃப்’ என்பது பெரும்பாலும் ஏராளம் என்ற பொருளையே தரும்.

‘இஸ்’ வருமா, ‘ஆர்’ வருமா என்று கேட்டிருந்தீர்கள். ‘லோட்ஸ் ஒஃப்’ இருக்கும் இடத்தில் ‘மச்’, ‘மெனி’ இரண்டையும் வைத்துப் பாருங்கள். ‘மச்’ பொருந்தினால் ஒருமை: ‘லோட்ஸ் ஒஃப் பெடி இஸ்’. ‘மெனி’ பொருந்தினால் பன்மை: ‘லோட்ஸ் ஒஃப் ஃபார்மர்ஸ் ஆர்’. ‘லோட்ஸ்’ என்பதன் ஈற்று ‘எஸ்’ஸைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

மெய்யாகவே இரண்டு பெட்டிச் சுமையைக் குறிப்பதாயின், ‘டூ லோட்ஸ் ஒஃப் பெடி’ எந்தக் கடிதத்திலும் செல்லும். அப்போது வினை பன்மையாகும். ‘எ லோட் ஒஃப்’ என்று ஒருமையில் எழுதும்போது மட்டும் கூடுதல் கவனம் தேவை: ‘எ லோட் ஒஃப் ரபிஷ்’ என்பதைப் போல, ஒருவர் சொன்னதை வெறும் உளறல் என்று இகழவும் அது பயன்படுகிறது.