சிஎன்சி வந்தாச்சு, பழைய டர்னரை என்ன செய்வது?

கேள்வி: கணபதியில் பம்ப் ஷாஃப்ட் கடையும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். கடன் வாங்கி ஒரு சிஎன்சி லேத் (கணினி புரோகிராம்படி தானே கடையும் இயந்திரம்) போட்டேன். டிப்ளமோ படித்த பையன்கள் ஆறு மாதத்தில் வேறு இடம் போய்விடுகிறார்கள். இருபது வருடமாக என்னிடம் சாதா லேத்தில் கடையும் டர்னர் அண்ணனுக்கு வயது 52. சிஎன்சி பக்கமே வரமாட்டேன் என்கிறார். அவரை நம்பி இருக்கலாமா, புது ஆள் தேடட்டுமா?
– வாசகர், கோவை

பதில்: அண்ணனையே நம்புங்கள். டூல்களைத் தாங்கும் டரெட் போய், ஜாப்பை (கடையவேண்டிய துண்டை) பிடிக்கும் சக்கில் இடித்துவிட்டால் நஷ்டம் தன் தலையில் விழுமோ என்ற பயம்தான் அவரைத் தள்ளி நிறுத்துகிறது. ஆர்டர் நெருக்கடி இல்லாத ஒரு நாளில் ஜாப் மாட்டாமல், ஒவ்வொரு வரியாக ஓட்டும் சிங்கிள் பிளாக்கில், ரேப்பிடை (வெட்டாமல் நகரும் வேகத்தை) குறைத்து ஓட்டச் சொல்லுங்கள். பட்டனை அழுத்தினால் புரோகிராமில் ஒரு வரி ஓடி நின்றுவிடும். அடுத்த வரியைத் திரையில் படித்துவிட்டு மறுபடி அழுத்தலாம். இரண்டு நாள் இப்படி ஓட்டினால் கை பழகிவிடும்.

அப்புறம் ஆஃப்செட், அதாவது டூலின் இடத்தைத் திரையில் திருத்துவது. 25 மி.மீ. வரவேண்டிய ஷாஃப்ட் மைக்ரோமீட்டரில் 25.04 காட்டினால் டூல் தேய்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவேண்டாம். திரையில் டூல் தேய்மானத்துக்கான வியர் பக்கத்தில், அந்த டூலின் எக்ஸில் (விட்டத்துக்கான அளவில்) 0.04 குறைக்கத் தெரிந்தால் போதும். சத்தம் மாறும்போதே இன்சர்ட்டை (டூலின் வெட்டுமுனையை) பார்ப்பது, சிப் (வெட்டிவரும் சீவல்) நூலாக நீண்டு ஜாப்பைச் சுற்றினால் ஃபீடை (டூல் முன்னேறும் அளவை) கூட்டுவது எல்லாம் அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. புதுப் பையனுக்கு அது வர வருடக்கணக்காகும்.

பையன்கள் விஷயத்தில் ஒன்றைக் கேட்கிறேன். புரோகிராமைத் திருத்த அனுமதிக்கும் எடிட் சாவி யார் பாக்கெட்டில் இருக்கிறது? நாள் முழுக்க ஜாப்பை மாட்டிக் கழற்றவே விட்டால் எந்தப் பையனும் தங்கமாட்டான். சாவியைக் கொடுங்கள், ஒரு புரோகிராமையாவது அவனே எழுதி ஓட்டட்டும்.

தமிழக அரசு டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து 71 அரசு ஐடிஐகளை நவீன இயந்திரங்களில் பயிற்சி தரும் தொழில் 4.0 மையங்களாக மாற்றியிருக்கிறது. அங்கே படித்தவர்களை அப்ரண்டிஸாக (தொழில் பழகுநராக) எடுங்கள். பட்டறையில் 30 பேரோ அதற்கு மேலோ இருந்தால்தான் அப்ரண்டிஸ் எடுப்பது கட்டாயம். நான்கு பேர் உள்ள பட்டறையும் விரும்பினால் எடுக்கலாம். உதவித்தொகையில் ஒரு பங்கை மத்திய அரசே தருகிறது. வருகிற பையனை அண்ணன் பக்கத்திலேயே நிறுத்துங்கள். இவன் அவருக்குத் திரையைக் காட்டட்டும், அவர் இவனுக்கு ஜாப்பைக் காட்டட்டும்.

சரி, சம்பளம். அண்ணன் செட்டிங் (டூல், அளவு எல்லாம் சரிசெய்து இயந்திரத்தைத் தயார் செய்யும் வேலை) பார்க்க ஆரம்பித்த மாதமே செட்டர் சம்பளம் போட்டுவிடுங்கள். இந்த வயதில் எங்கே போய்விடப் போகிறார் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். செட்டிங் தெரிந்த ஆளைப் பக்கத்துப் பட்டறை இன்றைக்கே கூப்பிட்டுக்கொள்ளும்.