ஒரே இழையில் பல நிறங்கள்

கேள்வி: ஒரே ஃபைபருக்குள் (ஒளியில் தகவல் அனுப்பும் கண்ணாடி இழைக்குள்) பல லேசர்களின் ஒளியைச் சேர்த்து அனுப்பினால் எல்லாம் கலந்து குழம்பிவிடாதா?

பதில்: கலக்கும், குழம்பாது. ஒவ்வொரு லேசரின் அலைநீளமும், அதாவது நிறமும், வேறு என்பதால், ஒன்றை ஒன்று பெரிதாகக் கண்டுகொள்ளாமல் ஒரே இழைக்குள் போய்ச்சேரும். நீண்டதூர இணைப்புகளில் பெரும்பாலும் 1530 முதல் 1565 நானோமீட்டர் வரையிலான அலைநீளப் பட்டையைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். அங்கேதான் கண்ணாடியில் ஒளி இழப்பு மிகக் குறைவு, கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபல் (ஒளி எவ்வளவு குறைகிறது என்று சொல்லும் அலகு). அதோடு எர்பியம் என்ற தனிமம் கலந்த பெருக்கி (வழியில் மங்கும் ஒளியை மறுபடி வலுவாக்கும் கருவி) அந்தப் பட்டையில் உள்ள எல்லா அலைநீளங்களையும் ஒரே நேரத்தில் பெருக்கிவிடும் (இது மட்டும் இல்லையென்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி கருவி வைத்தே நொந்திருப்பார்கள்). அடுத்தடுத்த தடங்களுக்கு (ஒரு லேசரின் அலைநீளம் ஒரு தடம்) நடுவே இடைவெளி வெறும் 0.8 நானோமீட்டர், சிலவற்றில் அதிலும் பாதி. அதனால் லேசர் சூட்டில் கொஞ்சம் நகர்ந்தாலே பக்கத்துத் தடத்தில் புகுந்துவிடும், வெப்பநிலையைக் கட்டிக் காக்கவேண்டும்.

சரி, சேர்ப்பது எப்படி? சாதாரண இணைப்பானில் இரண்டை ஒன்றாக்கினால் ஒவ்வொன்றிலும் பாதி ஒளி வீண். அதனால் அலைநீளம் பார்த்து வழிவிடும் வடிகட்டிகளையே வைக்கிறார்கள். அதையே திருப்பிப் போட்டால் மறுமுனையில் பிரித்தும் கொடுக்கும்.

அப்புறம், ஒளியின் திறனை அளவுக்கு மீறி ஏற்றினால் நீங்கள் பயப்படுவது உண்மையாகவே நடக்கும்: கண்ணாடிக்குள்ளேயே, யாரும் அனுப்பாத புது அலைநீளங்கள் பிறந்து மற்ற தடங்களில் போய் விழும்.