கழட்டி மாட்டுற தொப்பி தைக்கப் போறீங்களா? ஜாயிண்ட் ஒண்ணே ஒண்ணு போதும்

கேள்வி: திருப்பூர் பக்கத்துல வீட்டுலயே நாலு மிஷின் போட்டு பீஸ் ரேட்டுக்கு தைச்சிட்டிருக்கேன்ணா. இப்ப சொந்தமா ஒரு தொப்பி போடலாம்னு ஆசை. முன்னாடி வைசர் (நெத்திக்கு மேல நீட்டிக்கிட்டு நெழல் குடுக்குமே, அது), சுத்தி விளிம்பு, பின்னாடி கழுத்துத் துணி, காத மூட ஒண்ணு, நாலையும் தேவைக்கு கழட்டி மாட்டிக்கலாம். காட்டு வேலைக்குப் போற பொம்பளைங்க, ஸ்கூட்டில போறவங்க, ஸ்கூல் பசங்க எல்லாருக்கும் ஆகும்ல. வெல்க்ரோ வச்சு ஒரு சாம்பிள் தைச்சேன், எங்க அத்தை போட்டுப் பாத்துட்டு முடியப் புடுங்குதுன்னு கழட்டி வச்சுட்டாங்க, விளிம்பும் தொங்கிப் போச்சு. எங்க தப்பு பண்ணேன்?

பதில்: மொதல்ல அத்தைக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்கம்மா, ஆயிரம் பீஸ் தைச்ச பின்னாடி தெரிய வேண்டிய விஷயத்த ஒரே பீஸ்ல சொல்லிட்டாங்க.

நாலு பாகம்னா நாலு ஜாயிண்ட், அங்கதான் பிரச்சனையே. ஒவ்வொரு ஜாயிண்ட்டும் கனம், உறுத்தல், கழண்டு போற எடம், அதுவுமில்லாம ஒவ்வொண்ணுக்கும் தனி கூலி. நான் பதினெட்டு வருஷமா தொப்பி சாம்பிள் பண்றேன், இந்த மாதிரி கழட்டி மாட்டுறதுல ஓடுனது எல்லாமே ஒரே ஒரு ஜாயிண்ட் வச்சு அதுல துணிய மாத்தி மாத்தி மாட்டுறதுதான். இது ஒண்ணும் புது ஐடியா இல்ல. கப்பல் ஆபீசருங்க போடுற தொப்பிய பாருங்க, உள்ள ஃபிரேம் ஒண்ணுதான், மேல போடுற வெள்ளைத் துணிய மட்டும் கழட்டித் துவைச்சு மாட்டிக்குவாங்க. கழுத்துத் துணிக்கு இங்கிலீஷ்ல ஹேவ்லாக்னே பேரு, 1857 கிளர்ச்சி சமயத்துல இங்க இருந்த ஹென்றி ஹேவ்லாக்ங்கிற பிரிட்டிஷ் ஜெனரல் பேர்ல வந்தது. அந்தமான்ல ஹேவ்லாக் தீவுன்னு இருந்துச்சே, 2018ல சுவராஜ் தீவுன்னு பேர் மாத்துனாங்களே, அதே ஆள்தான். தீவுக்கு பேர் போயிருச்சு, துணிக்கு இன்னும் போகல.

அதனால உங்க லிஸ்ட்ட இப்படி சுருக்குங்க. வைசர தொப்பியோட நிரந்தரமா தைச்சிருங்க, எதையும் மாட்டாம வெறுந்தொப்பியா போட்டாலும் அது முழுசா ஒரு தொப்பியா தெரியணும், பாதி கழண்ட பொம்மை மாதிரி இருந்தா யாரும் போட மாட்டாங்க. காது மூடிய தனியா வைக்காதீங்க, கழுத்துத் துணிய காதுக்கு ரெண்டு விரல் முன்னாடியே ஆரம்பிச்சா காதும் சேர்ந்து மூடிக்கும். அதே ஜாயிண்ட்ல வெயிலுக்கு மெல்லிசான காட்டன் துணி, குளிருக்கு ஃபிளீஸ்ங்கிற மெத்துன்னு கதகதப்பான துணி, ரெண்டையும் மாத்தி மாட்டலாம். சுத்தி வர்ற விளிம்ப இப்போதைக்கு விட்டுருங்க, ஏன்னு பின்னாடி சொல்றேன். ஆக ஒரு தொப்பி, ஒரு ஜாயிண்ட், ரெண்டு துணி.

ஸ்கூட்டி கஸ்டமர இப்போதைக்கு விட்டுருங்க. ஹெல்மெட்டுக்கு உள்ள பட்டன், வைசர் மாதிரி கெட்டியான எதுவும் இருக்கவே கூடாது, ஹெல்மெட் தலையில ஒழுங்கா உக்காராது, விழுந்தா அந்த எடத்துலதான் குத்தும். அவங்களுக்கு பட்டன் இல்லாத மெல்லிசு தொப்பி தனியா தைங்க, அது வேற ஐட்டம்.

இப்ப வெல்க்ரோவுக்கு வருவோம். வெல்க்ரோ மேல தப்பே இல்ல, நீங்க பக்கம் மாத்தி வச்சுட்டீங்க. சொரசொரன்னு இருக்கிற பக்கத்த தொப்பில தைச்சிருப்பீங்க, துணிய கழட்டுனதும் அது வெளிய தெரிஞ்சு முடியக் கவ்வும், புடவைத் தலைப்ப இழுக்கும். காட்டுல ஒட்டுப்புல் சேலைல ஒட்டுறது மாதிரிதான், சுவிட்சர்லாந்துல ஜார்ஜ் டி மெஸ்ட்ரால்ங்கிறவர் நாய் ரோமத்துல ஒட்டுன முள்ளுக்காய பாத்துத்தான் அதையே கண்டுபுடிச்சாரு. கழட்டுன பின்னாடி தொப்பில மிஞ்சி நிக்கிறது மெத்துன்னு இருக்கணும், இத மட்டும் மறக்காதீங்க. பஞ்சு பக்கம் தொப்பிக்கு, சொரசொர பக்கம் துணிக்கு. அப்படி வச்சாலும் துவைக்கும்போது சொரசொர பக்கம் நூலும் தூசியும் புடிச்சு அடைச்சுக்கும், கொஞ்ச நாள்ல புடிக்காது. வயக்காட்டு மண்ணுல இன்னும் சீக்கிரம்.

நான் பிரஸ் பட்டன்தான் போடச் சொல்லுவேன். குழந்தை டிரஸ்ல பல்லு வச்சு கடிக்கிற வளைய பட்டன் வருமே, 9.5 மில்லி சைசு, இல்லன்னா 12 மில்லி பிளாஸ்டிக் பட்டன். பனியன் துணில நேரா அடிச்சீங்கன்னா நாலு தடவை இழுத்ததும் ஓட்டை பெருசாகி பட்டன் கையோட வந்துரும், அதனால பட்டன் வர்ற எடம் பூரா உள்ள ட்வில் டேப்னு சொல்ற கெட்டி நாடாவ வச்சுத் தைச்சு அதுக்கு மேல அடிங்க. குழி இருக்கிற பக்கம் தொப்பிக்கு, குமிழ் இருக்கிற பக்கம் துணிக்கு. இன்னொண்ணு, இத நெறய பேரு விட்டுருவாங்க, பட்டன அடிச்சிட்டு அப்புறமா உள்பக்கம் சுவெட் பேண்ட், அதாவது வேர்வைய உறிஞ்சுற உள்பட்டிய தைக்கணும், அப்பதான் பட்டனோட முதுகு உள்பட்டிக்குள்ள மறைஞ்சு நெத்தியிலயும் காதுலயும் படாம இருக்கும். வேலைய மாத்தி செஞ்சா ஒவ்வொரு பட்டனும் தலையில முத்திரை குத்தும்.

அளவு எப்படின்னா, 58 செமீ தலைன்னு வச்சுக்கங்க, காது முன்னாடில இருந்து பின்பக்கமா சுத்தி அடுத்த காது முன்னாடி வரைக்கும் கிட்டத்தட்ட 36 செமீ வரும். 6 செமீக்கு ஒண்ணுன்னு வச்சா ஏழு பட்டன். ஆனா இங்க ஒரு சிக்கல் இருக்கு, பின்னாடி டைட் பண்ற பட்டி இருக்குல்ல, தொப்பிய 58ல இருந்து 55க்கு சுருக்குனா அந்த 3 செமீயும் பின்பக்கத்துல இருந்துதான் போகும், தொப்பில பட்டனுக்கு பட்டன் தூரம் சுருங்கிரும், துணில சுருங்காது, நடுவுல துணி பை மாதிரி உப்பிக்கிட்டு நிக்கும். இதுக்கு நடுப் பட்டன எடுத்துருங்க, பக்கத்துக்கு மூணா ஆறு பட்டன் போதும், நடுவுல துணில ஒரு பெட்டி மடிப்பு வச்சிருங்க, தொப்பி சுருங்குனா மடிப்பு உள்ள வாங்கிக்கும். அந்த நடு எடத்த திறந்தாப்புல விட்டா இன்னொரு லாபம், ஜடையும் கொண்டையும் அதுவழியா வெளிய வரும், மல்லிகப்பூ நசுங்காது. நம்ம ஊரு பொம்பளைங்க தொப்பி போடாததுக்கு பாதி காரணம் வெக்கம்னா மீதி காரணம் கொண்டைதான், துண்டு கட்டுனா அந்த தொல்லை இல்ல பாருங்க.

பட்டன் தூரத்த கண்ணால பாத்து அடிக்கவே கூடாது. ஒரு கெட்டி பிளாஸ்டிக் ஷீட்ல ஓட்டை போட்டு அச்சு ஒண்ணு பண்ணிக்கங்க, தொப்பிக்கும் துணிக்கும் அதே அச்சு. பாதியில அச்ச மாத்துனீங்கன்னா பழைய கஸ்டமர் அடுத்த வருஷம் புதுத் துணி மட்டும் வாங்க வந்தா மாட்டாது. பேட்டர்ன விட அந்த அச்ச பத்திரமா வைங்க.

துவைக்கிற விஷயம்தான் எனக்கு சூடு போட்ட விஷயம். ரொம்ப வருஷம் முன்னாடி ஒரு ஆர்டர், தொப்பியும் கழுத்துத் துணியும் ஒரே நேவி ப்ளூ, காட்டன். பேக்கிங்ல கனகச்சிதமா இருந்துச்சு. வாங்குனவங்க கழுத்துத் துணிய தினம் துவைச்சாங்க, தொப்பிய மாசத்துக்கு ஒருக்கா துவைச்சாங்க, ரெண்டே மாசத்துல துணி வெளுத்து சுருங்கி பட்டனுக்கு பட்டன் எட்டல, அத்தனையும் கம்ப்ளெயின்டா வந்துச்சு. கழட்டி மாட்டுற எந்தப் பொருளுக்கும் இந்த கண்டம் உண்டு, ரெண்டு பாகமும் ஒரே வேகத்துல வயசாகாது. சரியா பதப்படுத்தாத காட்டன் அஞ்சு சதவீதம் வரைக்கும் சுருங்குறது சாதாரணம், 36 செமீல அது 1.8 செமீ, பட்டன் எப்படி எட்டும்? துணிய வெட்டுறதுக்கு முன்னாடியே அலசிக் காயப்போட்டு வெட்டுங்க. கலர்ல ஒரு தந்திரம் சொல்றேன், ஒரே கலர்ல போடாம வேணும்னே வேற கலர்ல போடுங்க, காக்கி தொப்பிக்கு மஞ்சள் துணி மாதிரி. வெளுத்தாலும் ஸ்டைல்னு நெனச்சுக்குவாங்க.

விளிம்பு ஏன் தொங்குச்சுன்னு கேட்டீங்க. ஒத்த வரிசை வெல்க்ரோவோ பட்டனோ கதவு கீல் மாதிரிதான் வேலை செய்யும், விளிம்பு எவ்ளோ அகலமோ அவ்ளோ நெம்பும், காத்தடிச்சா மேல தூக்கும், நின்னா கீழ தொங்கும். ஆஸ்திரேலியால கேன்சர் கவுன்சில் வெயிலுக்கு அகல விளிம்பு தொப்பின்னா 7.5 செமீயாவது இருக்கணும்ங்குது, அவ்ளோ அகலத்த ஒத்த வரிசை தாங்காது. கட்டாயம் வேணும்னா விளிம்போட உள் ஓரத்துல 2 செமீ நாக்கு மாதிரி விட்டு அத உள்பட்டிக்கும் தொப்பிக்கும் நடுவுல சொருகி அப்புறம் பட்டன் போடணும், அப்பதான் ரெண்டு எடத்துல புடிமானம் கெடச்சு நிக்கும். பேட்டர்ன் வெட்டும்போது தட்டையான வளையமா வெட்டாதீங்க. 58 தலைக்கு தட்டை வளையம்னா உள் ஆரம் 9.2 செமீ, நீங்க 11 செமீ ஆரத்துல வரைஞ்சு உள் ஓரத்துல 58 செமீ நீளம் மட்டும் எடுத்துட்டு மிச்சத்த வெட்டிட்டு சேர்த்துத் தைங்க, முப்பது டிகிரி கிட்ட அழகா சாஞ்சு வரும். தையலுக்கு விடுறது தனி. சுத்தி ஜிப் வைக்கலாமான்னு சில பேரு கேப்பாங்க, ஜிப் நீளம் மாறாது, பனியன் துணியோட இழுவையே செத்துரும், அப்புறம் 56, 58, 60னு தனித்தனி சைசு தைக்கணும். மொத ஐட்டத்துக்கு இந்த வம்பே வேணாம்.

காந்தம் வைக்கலாம்னு யாராச்சும் சொல்லுவாங்க, கேக்காதீங்க, குழந்தை ரெண்ட முழுங்கிட்டா குடல்ல ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஆபரேஷன்ல போய் நிக்கும். சின்னப் பசங்களுக்கு தாடைக் கயிறும் வேணாம். ஐரோப்பால EN 14682னு ஒரு விதியே இருக்கு, 7 வயசுக்கு கீழ இருக்கிற பசங்க டிரஸ்ல கழுத்துப் பக்கமும் டிரஸ்ஸோட சேர்ந்த தலைமூடிலயும் கயிறு வைக்கக் கூடாதுன்னு. தனித் தொப்பி அந்த விதிக்குள்ள வராது, நாம ஏற்றுமதியும் பண்ணல, இருந்தாலும் நம்ம பசங்க கழுத்தும் கழுத்துதானே. பின்னாடி எப்பவாச்சும் ஏற்றுமதி யோசிச்சா நிக்கல் இல்லாத பட்டனா, நீடில் டிடெக்டர்ல (துணிக்குள்ள ஒடிஞ்ச ஊசி இருக்கான்னு பாக்குற மிஷின்) கத்தாத பட்டனான்னு கேட்டு வாங்குங்க, உள்ள இரும்பு ஸ்பிரிங் இருந்தா மிஷின் ஒவ்வொரு பீஸுக்கும் அலறும்.

பத்து பீஸ் தைச்சு அஞ்சு பேருக்கு குடுங்க, அத்தைக்கு கண்டிப்பா ஒண்ணு. துணிய மட்டும் பத்து தடவை துவைச்சு, துவைக்காத தொப்பில மாட்டிப் பாருங்க, ஆறு பட்டனும் இழுக்காம விழுந்தா வெட்ட ஆரம்பிங்க. குடுக்கிறவங்ககிட்ட போட வசதியா இருக்கான்னு கேக்காதீங்க, இருக்குன்னுதான் சொல்லுவாங்க. ஒரு வாரம் கழிச்சு போய், கழட்டுன துணி இப்ப எங்க இருக்குன்னு கேளுங்க. பாதி பேருக்கு தெரியாது, பாருங்க. அதனால தொப்பிக்கு உள்ள உச்சிப் பக்கம் கையளவு ஒரு வலைத்துணி பாக்கெட் வச்சிருங்க, மடிச்சு சொருகுனா அங்கயே கெடக்கும்.