இரவுக்கு ஓர் அத்தியாயம்

அன்புள்ள ஐயா,

ஒவ்வொரு டிசம்பரிலும் அந்த வருடம் வாசித்ததைப் பற்றி எழுதுவீர்கள். இந்த முறை இன்னும் காணவில்லை. நான் ஜனவரியில் 50 புத்தகம் என்று டைரியில் குறித்துவைத்தேன். இப்போது எண்ணிப் பார்த்தால் 17தான் தேறுகிறது. அதிலும் ஐந்தாறு என்ன கதை என்றே நினைவில்லை. மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. நீங்கள் எத்தனை முடித்தீர்கள்?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

முழுதாக முடித்தது ஆறு. அசோகமித்திரனின் ‘தண்ணீர்’, ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ இரண்டையும் மறுபடி வாசித்தேன். இரண்டும் கொஞ்சமும் பழசாகவில்லை. மற்றவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பாதி வருடத்தை ஒரே புத்தகம் எடுத்துக்கொண்டது: உ.வே.சாமிநாதையரின் தன்வரலாறான ‘என் சரித்திரம்’.

அப்பாவுக்குக் கண் அழுத்த நோய். ஏப்ரலோடு அச்செழுத்து அறவே தெரியாமல் போய்விட்டது. பேப்பரை முதல் வரியிலிருந்து டெண்டர் விளம்பரம் வரை விடாமல் படித்த மனிதர், காலையில் அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மனசு தாங்கவில்லை. ஜூனில் ஒரு நாள் ராத்திரி சாப்பாடு ஆனதும் ‘என் சரித்திர’த்தை எடுத்து உரக்க வாசிக்க ஆரம்பித்தேன். மொத்தம் 122 அத்தியாயங்கள். இரவுக்கு ஒன்று.

கல்லூரி நாட்களில் நாலே நாளில் நான் முடித்த புத்தகம் இது. வாய்விட்டு வாசிக்கும்போதுதான் அன்றைக்கு எவ்வளவைத் தாண்டி ஓடியிருக்கிறேன் என்று தெரிந்தது. திருவாவடுதுறை என்று வந்தாலே அப்பா கையைத் தூக்கி நிறுத்துவார். “நரசிங்கன்பேட்டை ஸ்டேஷன்ல எறங்கி நடந்துடலாம்” என்பார். அந்தப் பக்கம் வேலை பார்த்தவர். அப்புறம் அந்த ஊர்க் கதைகள் வரும். புத்தகம் காத்திருக்கும்.

1876இல் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை காலமாகிற இடம். மாணவரான ஐயர் பக்கத்தில் உட்கார்ந்து திருவாசகத்தின் அடைக்கலப்பத்தை வாசிக்கிறார். கேட்டுக்கொண்டே ஆசிரியர் போய்விடுகிறார். அன்றைக்கு எனக்குக் குரல் அடைத்துவிட்டது. “மெதுவா படி, அவசரமில்ல” என்றார் அப்பா.

நீங்கள் கேட்ட ‘எத்தனை’க்கு இதே புத்தகத்தில் ஓர் இடம் இருக்கிறது. 1880. கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். ஐயர் அந்தாதி, கோவை, உலா, பிள்ளைத்தமிழ் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் முகத்தில் வியப்பே இல்லை. சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்கிறார். அவர் மூலம் கைக்கு வந்த சிந்தாமணியை ஐயர் அச்சில் கொண்டுவந்தது 1887இல். ஏழு வருடம் அந்த ஒரு நூலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

உங்கள் 17இல் உங்களை அப்படிப் பிடித்து நிறுத்தியது எது? அதைப் பற்றி ஒரு கடிதம் எழுதுங்கள், உண்மையாகவே படிக்க ஆசை. கதை மறந்துபோன ஐந்தாறுக்காக வருத்தப்படாதீர்கள்.

‘என் சரித்திரம்’ முடிவுபெறாத நூல். ஆனந்த விகடனில் தொடராக வந்துகொண்டிருக்கும்போதே, 1942இல், ஐயர் மறைந்துவிட்டார். கடைசிப் பக்கத்தை வாசித்துப் புத்தகத்தை மூடினேன்.

“அப்புறம்?” என்றார் அப்பா.

“அவ்வளவுதான்ப்பா. இதோட நின்னுபோச்சு.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “சரி, மொதல்லேர்ந்து படி” என்றார்.

மறுநாள் திரும்பவும் ஐயரின் சொந்த ஊர் உத்தமதானபுரம்; ஏகாதசி என்பதை மறந்து வெற்றிலை போட்டுக்கொண்ட தஞ்சாவூர் அரசர். நேற்றோடு பதினோரு அத்தியாயம் ஆகியிருக்கிறது.