க்ரூஸ் கப்பலில் ஃபோன்: கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே இடத்தில் பதில்

நாலைந்து நாடுகளைத் தொட்டுப் போகும் க்ரூஸ் பயணத்தில் ஃபோனை என்ன செய்வது என்று போன வாரம் இரண்டு பேர் கேட்டார்கள். பதில் சொல்லச் சொல்லக் கேள்விகள் பெருகிவிட்டன. அதனால் எல்லாவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் ஒரு செல்ஃபோன் நிறுவனத்தின் ரோமிங் பில் பிரிவில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவன். அந்த மேசைக்கு வந்த புகார்களில் என் மனசைக் கனக்க வைத்தவை கப்பல் பில்கள்தான். பிள்ளைகள் ஆசையாக அனுப்பிவைத்த பெரியவர்கள் பில்லை நீட்டி, "நான் ஃபோனைத் தொடவே இல்லையே தம்பி" என்பார்கள். உண்மைதான், அவர்கள் தொட்டிருக்கவே மாட்டார்கள். ஃபோன் தானாகவே செய்த வேலை அது.

கேள்வி (கோவை): அண்ணா, மே மாதம் பார்சிலோனாவில் ஏறி மார்செய், ஜெனோவா, நேப்பிள்ஸ், மால்டா என்று ஏழு நாள் போகிறோம். ஐரோப்பா முழுவதற்குமான ஒரு ஈசிம் வாங்கினால் கப்பலிலும் வேலை செய்யுமா?

ஈசிம் என்பது அட்டை இல்லாமல், இன்டர்நெட் வழியாக ஃபோனுக்குள் ஏற்றிக்கொள்ளும் சிம். அது கரையில் வேலை செய்யும், நடுக்கடலில் செய்யாது. ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி, மால்டா நான்குமே ஐரோப்பிய ஒன்றியத்து நாடுகள், ஆகவே உங்கள் ஈசிம் நான்கு இடத்திலும் எடுக்கும். கப்பல் கரையை விட்டு விலகியதும் அந்த டவர்கள் ஒவ்வொன்றாக மங்கும். பிறகு கப்பலுக்குள்ளேயே இருக்கும் குட்டி டவர் உயிர்பெறும். ஃபோன் திரையில் 'டெலினார் மரிடைம்', 'செல்லுலார் அட் சீ' போன்ற பெயர்கள் தெரிந்தால் அதுதான். ஒவ்வொரு நாட்டின் நெட்வொர்க்குக்கும் ஒரு நாட்டு எண் உண்டு. இந்தியாவுக்கு 404, 405. கப்பல் டவர்களுக்கு 901. அது எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத எண். அங்கிருந்து உங்கள் குரல் செயற்கைக்கோளுக்குப் போய்த் தரைக்கு இறங்குகிறது, கட்டணமும் அதற்கேற்றபடிதான்.

ஐரோப்பாவுக்குள் ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் கிடையாது என்ற விதி 15 ஜூன் 2017 அன்று வந்தது, 2032 வரை நீட்டித்தும் இருக்கிறார்கள். அது தரையிலுள்ள டவர்களுக்கு மட்டும். கப்பலும் விமானமும் அதில் சேராது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஈசிம்மால் பெரிய ஆபத்து வராது, பெரும்பாலும் கப்பல் டவரோடு அதற்கு ஒப்பந்தமே இருக்காது, சும்மா செத்துக் கிடக்கும். பில்லை இழுத்து வருவது பக்கத்து இடத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் உங்கள் இந்திய சிம். துறைமுகத்தில் கப்பலின் கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்பே ஃபோனை ஃப்ளைட் மோடில் போட்டுவிடுங்கள், அதற்குப் பிறகு வைஃபையை மட்டும் தனியாக இயக்குங்கள். அடுத்த துறைமுகத்தில் கப்பல் கட்டி முடித்த பிறகு ஃப்ளைட் மோடை எடுத்தால் போதும். டேட்டா ஈசிம்மில் ஓடட்டும், இந்திய சிம்மில் டேட்டா ரோமிங் எப்போதும் அணைந்தே இருக்கட்டும்.

வாங்கும் முன் *#06# அழுத்திப் பாருங்கள். ஐஎம்இஐ எண்ணோடு இஐடி என்று ஒரு நீள எண்ணும் வந்தால் உங்கள் ஃபோன் ஈசிம்மை ஏற்கும். வீட்டு வைஃபையிலேயே அதை ஏற்றிவிடுங்கள். துறைமுகத்தில் நின்றுகொண்டு ஏற்றலாம் என்றால் அதற்கே இன்டர்நெட் வேண்டும்.

கேள்வி (சென்னை): சார், டேட்டா ரோமிங்கை ஆஃப் பண்ணி வச்சா போதாதா? எதுக்கு ஃப்ளைட் மோட்?

போதாது. அந்தப் பட்டன் இன்டர்நெட்டை மட்டும்தான் நிறுத்தும். அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் வழக்கம்போல வந்துகொண்டே இருக்கும்.

2016-இல் நானும் மனைவியும் சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, புக்கெட் போனோம். பில் பிரிவில் இத்தனை வருஷம் இருந்தவன், என் ஃபோனை ஒழுங்காக ஃப்ளைட் மோடில் போட்டேன். மனைவியின் ஃபோனை மறந்துவிட்டேன். ராத்திரி பதினொன்றரைக்குக் கட்டில் பக்கத்து மேசையில் அது அடித்தது. சிக்னல் கோடு நான்கும் நிமிர்ந்து நின்றன. மைத்துனி, கல்யாண மண்டபம் கிடைத்த சந்தோஷத்தில் பேசினாள். எழுப்பிய தூக்கத்தில் இவளும் பேசினாள். பதினோரு நிமிஷம். கப்பல் டவரில் வருகிற அழைப்புக்கும் நிமிஷக் கணக்கில் காசு. அந்த ஒரு அழைப்பின் பில்லில் புக்கெட்டில் இன்னொரு நாள் படகுச் சவாரி போயிருக்கலாம்.

எடுக்காத அழைப்பு வாய்ஸ்மெயிலுக்கோ வேறு எண்ணுக்கோ திரும்பும்படி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அழைப்பு கப்பல் வரை வந்து, யாரும் எடுக்காமல் திரும்ப ஊருக்கே போகும்போது இரண்டு பக்கமும் கட்டணம் விழலாம். கிளம்பும் முன் ##002# அடித்து எல்லா ஃபார்வர்டிங்கையும் நீக்கிவிடுங்கள்.

முடிந்தால் போஸ்ட்பெய்டைவிட ப்ரீபெய்ட் சிம்மோடு போவது நல்லது. இருப்பில் இருக்கிற காசுக்கு மேல் அதனால் போக முடியாது. கப்பலுக்கென்று தனி பேக் விற்கிற நிறுவனங்களும் உண்டு. சாதாரண வெளிநாட்டு ரோமிங் பேக்கைப் போட்டுவிட்டுக் கப்பலும் அதில் அடக்கம் என்று நினைத்தவர்கள்தான் என் மேசைக்கு அதிகம் வந்தார்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் கப்பல் டவர் ஆன் ஆகும்?

பொதுவாக ஒரு நாட்டின் கடல் எல்லை 12 கடல் மைல், அதாவது 22 கிலோமீட்டர் சொச்சம். ஐரோப்பியக் கடலில் விதி தெளிவாக இருக்கிறது: கரையிலிருந்து 2 கடல் மைலுக்குள் கப்பல் டவர் இயங்கவே கூடாது, 2 முதல் 12 வரை கப்பலின் உட்புற ஆன்டெனா மட்டும் இயங்கலாம். ஆக, பால்கனியில் நின்றால் கரை டவர், அறைக்குள் வந்தால் கப்பல் டவர் என்று மாறும் நேரமும் உண்டு. "கரை கண்ணுக்குத் தெரிகிறதே, நம்ம டவராகத்தான் இருக்கும்" என்று எண்ணி ஏமாறுவது இங்கேதான்.

கடலில் டவர்களுக்கு வேலி கிடையாது என்பது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தனுஷ்கோடி முனையில் நிற்கும்போதே ஃபோனுக்கு 'இலங்கைக்கு நல்வரவு' என்று மெசேஜ் வருமே!

கேள்வி (லண்டன்): அண்ணை, நாங்கள் ஆகஸ்டில ஏதென்ஸில ஏறி கிரேக்கத் தீவுகளும் துருக்கியில குஷாதாஸியும் பாக்கப் போறம். இங்கத்தைய சிம்மில ஐரோப்பா ரோமிங் இருக்கெண்டு சொல்லுறாங்கள். அது காணுமோ? பிள்ளையளின்ர ஃபோனுகளும் இருக்கு.

தங்கச்சி, கிரேக்கத்துக்குப் பெரும்பாலும் போதும், துருக்கிக்குப் போதாமல் இருக்கலாம். பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வந்த பிறகு அந்த இலவச ரோமிங் உங்கள் சிம்முக்குச் சட்டப்படியான உரிமை இல்லை. நாள் கட்டணம் போடும் நிறுவனமும் உண்டு, போடாததும் உண்டு. உங்கள் பிளானில் துருக்கி எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று ஒருதரம் வாசித்துப் பாருங்கள்.

துருக்கியில் இறங்காத நாளிலும் கவனம் வேண்டும். சாமோஸ் தீவுக்கும் துருக்கிக் கரைக்கும் நடுவே கடல் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லாத இடம் இருக்கிறது. கோஸ் தீவும் துருக்கிக்குப் பக்கம்தான், எதிரே துருக்கியின் போத்ரும் ஊர் தெரியும். கிரேக்கக் கடற்கரையில் உட்கார்ந்திருக்கும்போதே ஃபோன் துருக்கி டவரைப் பிடித்துவிடும். செட்டிங்ஸில் நெட்வொர்க்கைத் தானாகத் தேர்ந்தெடுப்பதை நிறுத்திவிட்டு, காஸ்மோட் போன்ற ஒரு கிரேக்க நெட்வொர்க்கை நீங்களே தெரிவு செய்து வையுங்கள்.

பிள்ளைகளின் ஃபோன்களுக்கு நிறுவனத்தைக் கூப்பிட்டு பில் வரம்பு வைக்கச் சொல்லுங்கள். 2018 முதல் பிரிட்டனில் வாடிக்கையாளருக்கு அந்த உரிமை இருக்கிறது. வரம்பைச் சுழியத்தில் வைத்தாலும் தப்பில்லை, கப்பலில் அவர்களுக்கு வைஃபை போதும்.

கேள்வி (சிங்கப்பூர்): கப்பல் வைஃபை காசுக்கு ஏற்ற மாதிரி இருக்குமா அண்ணே? நான் ரெண்டு நாள் வேலை மீட்டிங்கும் பார்க்கணும்.

பத்து வருஷத்துக்கு முன் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். அப்போது கப்பல்கள் நம்பியிருந்த செயற்கைக்கோள்கள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நின்றன. நீங்கள் 'ஹலோ' சொன்னால் அது மேலே போய்க் கீழே வந்து, பதிலும் அதே வழியில் திரும்ப அரை வினாடிக்கு மேல் ஆகும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். இப்போது ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கிலோமீட்டரில் சுற்றுகின்றன. ராயல் கரீபியன் 2022-இல் தன் கப்பல்களில் இதைப் பொருத்தப்போவதாக அறிவித்தது, கார்னிவலும் பின்னாலேயே வந்தது. உங்கள் கப்பலில் அது இருந்தால் மீட்டிங் பார்க்கலாம். முன்பதிவுக்கு முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பேக்கேஜை ஏறும் முன் நிறுவனத்தின் தளத்திலேயே வாங்கினால் பெரும்பாலும் மலிவு. விலை ஒரு கருவிக்கு என்றுதான் இருக்கும். ஆனால் பல கப்பல்களில் ஒரு ஃபோனில் லாக் அவுட் செய்துவிட்டு மற்றதில் லாக் இன் செய்யலாம், கணவன் மனைவிக்கு ஒன்றே போதும். காசு கட்டியும் இணையவில்லை என்றால், ஃபோனில் அந்த வைஃபைக்கு மட்டும் 'ப்ரைவேட் அட்ரஸ்' என்பதை அணைத்துப் பாருங்கள். ஃபோன் தன் அடையாளத்தை மாற்றிக் காட்டுவதால் கப்பல் அதைப் புதுக் கருவி என்று எண்ணிக்கொள்ளும்.

வாட்ஸ்அப்பில் தானாக இறங்கும் வீடியோ, படங்களின் பேக்கப், ஆப் அப்டேட் மூன்றையும் நிறுத்திவிடுங்கள். அறைச் சுவர் இரும்பு என்பதால் உள்ளே வேகம் குறைந்தால் கதவோரமாக வாருங்கள், வைஃபை பெட்டி பெரும்பாலும் நடைபாதையில்தான் இருக்கும்.

கேள்வி (திருநெல்வேலி): ஐயா, நடுக்கடல்ல பேங்க் ஓடிபி வருமா?

ஃப்ளைட் மோடில் எஸ்எம்எஸ் வராது. ஒரே ஒரு வழி வைஃபை காலிங். உங்கள் நிறுவனம் வெளிநாட்டிலிருந்தும் அதை அனுமதித்தால், கப்பல் வைஃபை வழியாக அழைப்போடு எஸ்எம்எஸ்ஸும் வந்து சேரும். எல்லா நிறுவனமும் அனுமதிப்பதில்லை, அனுமதித்தாலும் கட்டணம் எப்படி என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

என் பழக்கம் வேறு. பணம் சம்பந்தப்பட்ட எதையும் கரையில்தான் செய்வேன். கரையில் இந்திய சிம் உயிரோடு இருந்தால் ஓடிபி வந்துவிடும். அதற்கு சர்வதேச ரோமிங்கை ஊரிலேயே இயக்கியிருக்க வேண்டும், பிளான் காலாவதி ஆகியிருக்கக் கூடாது. கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் வங்கி ஆப்பில் திறந்து வையுங்கள். கப்பலில் டீ, ஃபோட்டோ என்று வாங்குவதெல்லாம் அறைக் கணக்கில் ஏறிக் கடைசி நாள் மொத்தமாக அந்தக் கார்டில்தான் கழியும்.

கேள்வி (துபாய்): இங்கே ஏறி அபுதாபி போய் வரும் மூணு நாள் கப்பல். வாட்ஸ்அப்ல அம்மாவோட பேசலாமா?

அமீரகத்து நெட்வொர்க்கில் வாட்ஸ்அப் மெசேஜ் போகும், குரல் அழைப்பு போகாது என்பது உங்களுக்கே தெரியும். துறைமுகத்தில் நிற்கும்போதும் அதே கதைதான். பேச வேண்டியதைக் கடலில் கப்பல் வைஃபையில் பேசுங்கள், கரையில் மெசேஜோடு நிறுத்துங்கள்.

கேள்வி (மதுரை): அண்ணே, அப்பாவும் அம்மாவும் தனியா போறாங்க. ரெண்டு நாள் கடல்லயே இருக்கும்னு சொல்றாங்க. போன் வரலைன்னா எங்களுக்குக் கைகால் ஓடாது.

தம்பி, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. கப்பலின் பெயர், அறை எண், கப்பல் நிறுவனத்தின் அவசர எண், ஒவ்வொரு துறைமுகத்திலும் உள்ள ஏஜென்ட் விவரம் நான்கையும் வாங்கி ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். துறைமுக ஏஜென்ட் விவரம் கப்பலில் தினமும் தரும் நிகழ்ச்சித் தாளில் இருக்கும். அதைப் படமெடுத்து அனுப்பும்படி அப்பாவிடம் சொல்லுங்கள். அம்மாவின் கைப்பையிலும் உங்கள் எண்ணைத் தாளில் வையுங்கள். ஃபோன் சார்ஜ் போனால் மனப்பாட எண் யாருக்கும் வருவதில்லை.

'மரைன் டிராஃபிக்' ஆப்பில் கப்பலின் பெயரைப் போட்டால் வரைபடத்தில் அது நகர்வது தெரியும். என் மகள் அப்படித்தான் எங்களைப் பின்தொடர்வாள். ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: கப்பல் அனுப்பும் சமிக்ஞையைக் கரையிலுள்ள கருவிகள் வாங்கித்தான் அந்தப் புள்ளி வருகிறது. ஆழ்கடலுக்குப் போனதும் இலவசக் கணக்கில் புள்ளி நின்றுவிடும், 'பல மணி நேரத்துக்கு முன்' என்று காட்டும். கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை, கரை தொலைவாகிவிட்டது, அவ்வளவுதான்.

அவர்களுக்கு வைஃபை பேக்கேஜில் குறைந்தது மெசேஜ் மட்டும் உள்ளதையாவது வாங்கிக் கொடுத்துவிடுங்கள். இரவு சாப்பாட்டுக்குப் பின் ஒரு குரல் மெசேஜ் வந்தால் நீங்களும் தூங்குவீர்கள், அவர்களும் தூங்குவார்கள்.

கேள்வி (சேலம்): ஃபோன் கடிகாரத்தை நம்பலாமா?

கப்பலில் நம்பாதீர்கள். கரையில் டவரைப் பிடித்ததும் ஃபோன் அந்த ஊர் நேரத்துக்கு மாறும். கப்பலோ தன் நேரத்திலேயே இருக்கலாம். புக்கெட்டில் எங்களுக்கு இதுதான் நடந்தது. தாய்லாந்து சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால், எங்கள் கப்பல் சிங்கப்பூர் நேரத்தில் இருந்தது. பத்தோங் கடற்கரையில் இளநீர் குடித்துக்கொண்டு நிதானமாக இருந்தோம், ஃபோனில் மணி 2:50. கப்பலுக்குத் திரும்பும் கடைசிப் படகு 4 மணி. பக்கத்து மேசையில் இருந்த சீனப் பாட்டி ஒருவர் தன் கைக்கடிகாரத்தை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். 3:50. மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினோம்.

ஏறிய அன்றே செட்டிங்ஸில் தானியங்கி நேரத்தை அணைத்து, கப்பலின் நேரத்தை நீங்களே வையுங்கள். நேரத்தை மாற்றும் இரவில் அறையில் தாள் வைப்பார்கள், அன்று மட்டும் மாற்றினால் போதும். நான் இப்போதெல்லாம் சாவி கொடுக்கும் பழைய எச்எம்டி கடிகாரத்தையும் கட்டிக்கொண்டுதான் இறங்குகிறேன்.